இடது பக்கம் இறங்குது டீச்சர்

ஜூன் 4, செவ்வாய்

சாரல் தொடங்கிவிட்டது. மாடியில் காயப்போட்ட கூழ்வற்றலை எடுக்க மறந்துபோனேன். மறுபடி கூழாகவே கிடந்தது. அடுத்த தெருவிலிருந்து வந்த தங்கை சிவகாமி அதைப் பார்த்துவிட்டு, "ஏக்கா, ஊரான் வீட்டு நோவெல்லாம் தேடித் தேடிப் பாக்க. ஒன் வீட்டு வத்தலப் பாக்க மாட்டக்கியே" என்றாள். நியாயம்தான்.

செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வேன் புறப்படும். நர்ஸ் ஜெசிந்தா, ஓட்டுநர் அந்தோணி, நான். "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பப்பட்டவர்களின் வீடுகளுக்குப் போகிறோம். புண் கட்டுவதும் மருந்து கொடுப்பதும் ஜெசிந்தா. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதும், மாத்திரை தீரப்போகிறதா என்று பார்த்து அவளிடம் சொல்வதும் என் வேலை. முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவளுக்கு இதுவும் ஒரு வகுப்புதான். பிள்ளைகள் மட்டும் ஆண்டு முடியும் முன்பே போய்விடுகிறார்கள்.

இன்று ஐயம்பெருமாள் வீடு. மாநில எல்லையோரக் கடையொன்றில் பரோட்டா மாஸ்டராக இருந்தவர். புற்று முதுகெலும்புக்கு ஏறி இடுப்புக்குக் கீழே அசைவில்லை. எங்கள் காற்று மெத்தையில்தான் மாதக்கணக்காகப் படுத்திருக்கிறார். மனைவி பேச்சியம்மாள் கட்டிலடியில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

"மார்க்குன்னாலே எனக்குக் கம்மிதான் டீச்சர். எட்டாப்புல கணக்குல ஒம்பது. நூத்துக்கு."

பேச்சியம்மாள் தலை நிமிராமல், "அதையும் பக்கத்துப் பயலப் பாத்து எழுதியிருப்பாக" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

கிளம்பும்போது, "இடது பக்கம் இறங்குது டீச்சர். ஒரு ஓரமாச் சரியுதேன்" என்றார். மெத்தைக்குக் காற்று அனுப்பும் பம்பைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 7, வெள்ளி

இலஞ்சியில் புதிதாக ஒரு வீடு. நல்லம்மாள் என்ற மூதாட்டி, பக்கவாதம். முதுகில் படுக்கைப்புண். ஜெசிந்தா கட்டை அவிழ்த்தபோது மகள் செல்வராணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்க்க முடிந்தது.

காற்று மெத்தை கிடைத்தால் புண் ஆற வழியுண்டு. எங்கள் குழுவிடம் இருந்ததே மூன்று. ஒன்றை எலி கடித்துவிட்டது, ஒன்று சங்கரன்கோவில் பக்கம் சின்ன வயதுக்காரர் ஒருவரிடம், ஒன்று ஐயம்பெருமாளிடம். "ஒண்ணு காலியானதும் தாரோம்மா" என்றேன். காலியாவது என்றால் என்ன என்று செல்வராணிக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "அவசரமில்ல டீச்சர்" என்றாள். அவசரம் அவள் தாயின் முதுகில் தெரிந்தது.

மெத்தையை மீட்பது தனி வேலை. இறந்தவரின் பாயையும் தலையணையையும் உடனே வெளியே எறிவதுதான் இங்கே வழக்கம். போன வருடம் ஒரு வீட்டில் எங்கள் மெத்தையையும் சேர்த்து ஓடைக்கரையில் போட்டு எரித்துவிட்டார்கள். அதிலிருந்து, சேதி வந்தால் மாலையோடு கயிறும் தார்ப்பாயும் எடுத்துக்கொண்டு முதலில் போய் நிற்பது நாங்கள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே மெத்தையைச் சுருட்டப் பழகிவிட்டோம்.

ஜூன் 11, செவ்வாய்

மழை. மூன்று வீடு. மூன்றாவது வீட்டில் படுத்திருந்த பெண்ணின் பெயர் வாயில் வரவில்லை. "அம்மா" என்றே சமாளித்தேன்.

ஜூன் 14, வெள்ளி

கீழப்புலியூரில் ஒரு துக்கம். போன வாரம்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு பேசிய பெண். அவளுடைய அம்மா என் தோளில் விழுந்து அழும்போது, முற்றத்தில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றுக்குக் கால் உடைந்திருப்பதைப் பார்த்தேன். யாராவது உட்கார்ந்தால் விழுவார்களே என்று அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

துக்க வீட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம் அந்தோணி வழியில் ஒரு டீக்கடை ஓரம் வேனை நிறுத்துவார். நான் வேனுக்குள் உட்கார்ந்து அழுது முடிக்கட்டும் என்று அவராக வைத்துக்கொண்ட வழக்கம். இன்றும் நிறுத்தினார். நான் டீயை வாங்கிக் குடித்து, சர்க்கரை அதிகம் என்று சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

ஜூன் 19, புதன்

செல்வராணி தினமும் காலையில் கூப்பிடுகிறாள். "சும்மாதான் டீச்சர், ஒங்க ஞாபகம் வந்துச்சு" என்று தொடங்கி, எங்கெங்கோ சுற்றி மெத்தையில் வந்து நிற்கிறாள். மற்ற வீடுகளிலிருந்தும் அழைப்புகள். மாத்திரை சாப்பிட்டு வாந்தி வந்தது, கால் வீங்குகிறது, தூங்கமாட்டேன் என்கிறார். எல்லோருக்கும் பதில் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் யாரிடம் என்ன சொன்னேன் என்பது மறந்துபோகிறது.

படுக்கும்போது போனை அரிசி டின்னுக்குள் வைத்து மூடிவிடுகிறேன். அப்போது சத்தம் பெரிதாகக் கேட்பதில்லை. சிவகாமி சோறு வைக்க அரிசி எடுக்கப்போய், "இதென்ன கூத்து, போன ஊறப்போட்டு வச்சிருக்க?" என்றாள். நனைந்துவிட்டது, காயட்டும் என்று பொய் சொன்னேன்.

ஜூன் 25, செவ்வாய்

ஐயம்பெருமாளுக்கு மூச்சு வாங்குகிறது. இன்னும் சில நாட்கள் என்று எங்கள் குழுவின் டாக்டர் காசிம் சொன்னாராம், வேனில் ஜெசிந்தா சொன்னாள். "ஐயோ" என்று நான் சொல்ல வேண்டிய இடம் அது. "அப்போ வெள்ளிக்குள்ள நல்லம்மாளுக்குக் கொடுத்திரலாம்" என்றேன். ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தவறாக ஒன்றும் சொல்லவில்லை. கணக்குப்படி அதுதானே.

அவர் இன்றும் "இடது பக்கம் இறங்குது டீச்சர்" என்றார்.

"பச்ச லைட் எரியுதுல்லா?" என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. வகுப்பில்கூட நான் அப்படிப் பேசியதில்லை.

"எரியுது, எரியுது" என்றார். பிள்ளையைச் சமாதானப்படுத்துவதுபோல.

ஜூன் 28, வெள்ளி

ஐந்து வீடு. ஐயம்பெருமாள் தூங்கிக்கொண்டிருந்தார். மாத்திரை டப்பா அலமாரியில் இருந்தது. இருக்கிறது என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

ஜூன் 29, சனி

ஐயம்பெருமாள் வீட்டுக்குப் போய் வந்தேன்.

ஜூலை 1, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை விடிகாலையில் போன் அடித்தது. டின்னுக்குள் இருந்ததால் வேறு யார் வீட்டிலோ அடிப்பதுபோல் இருந்தது. எழுந்து போய் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. பேச்சியம்மாளின் பெயர். அதற்கு முன்னும் பலமுறை அடித்திருக்கிறாள். எங்கள் வேலையில் விடிகாலை அழைப்புக்கு ஒரே அர்த்தம்தான்.

திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். அந்த முதல் ஓலத்தைக் காதில் வாங்க என்னிடம் தெம்பில்லை. நேரில் போவதற்குள் அழுது ஓய்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அந்தோணியைக் கூப்பிட்டேன். வழியில் மாலை வாங்கினேன். செல்வராணிக்கும் சொல்லிவிட்டேன். "மத்தியானத்துக்குள்ள மெத்தை வந்துரும். அம்மாவ ஒருக்களிச்சுப் படுக்கவச்சுத் தயாரா இரு." அவள், "நீங்க நல்லா இருக்கணும் டீச்சர்" என்றாள்.

தெருவில் பந்தல் இல்லை, ஆட்கள் இல்லை. உறவுக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். சோதனையில் வேறு எண் வந்தாலும், எதிர்பார்த்த விடையையே ஏட்டில் எழுதிவைக்கும் பிள்ளைகள் உண்டு. நானும் அதைத்தான் செய்தேன்.

பேச்சியம்மாள் தலைவிரிகோலமாக வாசலில் நின்றாள். அவள் கையைப் பிடித்தேன். "வலியில்லாத எடத்துக்குப் போயிட்டாருன்னு மனசத் தேத்திக்கோ பேச்சி."

அவள் என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த மாலையைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் அந்தோணி கயிறோடு வருவதைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு, டீச்சரா? உள்ள வரச் சொல்லு."

உள்ளே போனேன். வேறு எங்கே போவது? ஐயம்பெருமாள் உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது. முகமெல்லாம் வேர்வை.

"மாலை ஆருக்கு டீச்சர்?"

"கோயிலுக்கு. போற வழியில..."

"அந்தோணி கயித்தோட நிக்காரு. சாமியக் கட்டித் தூக்கப் போறீங்களோ?"

அந்தோணி முற்றத்துக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க டீச்சர். இந்தா கெளம்பிருவேன்" என்று சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் வலியாக மாறியது. பற்களுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

பேச்சியம்மாள்தான் சொன்னாள். "ராத்திரி பூரா இப்படித்தான். நேத்து சாயங்காலமே மாத்திரை தீந்துபோச்சு. ஜெசிந்தா நம்பர் எங்கிட்ட இல்ல. ஒங்களுக்குத்தான அடிப்பேன்?"

அலமாரியில் இருந்த டப்பாவைத் திறந்தேன். பஞ்சு மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமை நான் பார்த்தது டப்பாவைத்தான்.

ஜெசிந்தா மாத்திரையோடு வந்து சேரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிடிக்க வேண்டும் என்று தெரிந்ததால் பிடித்தேன். வாய் பழக்கத்தில், "பத்துக்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டது.

"நீங்களே மார்க் போட்டுக்கிடுங்க டீச்சர்" என்றார்.

திரும்பும்போது சிற்றாற்றுப் பாலத்தில் வேனை நிறுத்தி அந்தோணி மாலையை ஆற்றில் போட்டார். டீ குடிக்கலாமா என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். செல்வராணி சாயங்காலம்வரை தாயை ஒருக்களித்தே வைத்திருந்தாளாம். கடைசியில் நான்தான் போன் செய்து, மெத்தை இல்லை என்று சொன்னேன்.

ஜூலை 3, புதன்

டாக்டர் காசிம் கூப்பிட்டனுப்பினார். திட்டுவார் என்று போனேன். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"டீச்சர், கடைசியா எப்ப அழுதீங்க?"

யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

"இதுக்கு இரக்கச் சோர்வுன்னு பேரு. அடுத்தவங்க வலியைத் தூக்கித் தூக்கி ஒரு கட்டத்துல மனசு மரத்துப்போகும். எரிச்சல் வரும், மறதி வரும், போனப் பாத்தாலே பயமா இருக்கும். ஈரமில்லாதவங்களுக்கு இது வராது. எனக்கு ஒருதடவ வந்திருக்கு."

பெயர் தெரிந்ததும் சற்று நிம்மதியாக இருந்தது. நோய் என்னவென்று சொன்னதும் நோயாளிகள் முகத்தில் வரும் நிம்மதி. அது குணமாவது அல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

அவரிடம் எங்கள் ஆய்வகத்து வில்தராசைப் பற்றிச் சொன்னேன். தாங்கும் அளவுக்கு மேல் பிள்ளைகள் அதில் ஒரு கல்லைத் தொங்கவிட்டார்கள். கல்லை எடுத்த பிறகும் கம்பிச்சுருள் பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை. ஒன்றுமே தொங்காதபோதும் எடை காட்டும். உண்மையான எடையைத் தொங்கவிட்டால் தப்பாகக் காட்டும்.

"அத என்ன பண்ணுனீங்க?"

"பழுதுன்னு சீட்டு ஒட்டி அலமாரியில வச்சேன். தூக்கிப் போட மனசு வரல."

"அப்ப நீங்களும் கொஞ்ச நாள் அலமாரியில இருங்க" என்றார். வீடுகளுக்குப் போகக் கூடாது. வீட்டுக்காரர்கள் இனி ஜெசிந்தாவைத்தான் கூப்பிட வேண்டும். தூங்க வேண்டும், நடக்க வேண்டும், யாரிடமாவது பேச வேண்டும்.

"ஐயம்பெருமாள்?" என்றேன்.

"ஜெசிந்தா பாத்துக்குவா."

ஜூலை 9, செவ்வாய்

வேன் நான் இல்லாமல் போனது. வாசலில் நின்று பார்த்தேன். அந்தோணி ஹாரன் அடித்துவிட்டுப் போனார். சாயங்காலம் ஜெசிந்தா வந்தாள். ஐயம்பெருமாள் கேட்டாராம், "டீச்சர் மறுபடி எப்பக் கயிறு கொண்டாராக?" என்று. ஜெசிந்தா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு பாத்திரம் தேய்த்தேன், தேய்த்ததையே மறுபடியும்.

அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னவென்று கேட்பது? நீங்கள் இறக்கவில்லை என்பதற்காகவா?

ஜூலை 12, வெள்ளி

சிவகாமி வற்புறுத்திக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாள். அருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் என் காதருகில் வந்து கத்தினாள். "ஏக்கா! அழணும்னா இங்க அழு! இந்தச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்காது!"

எத்தனையோ பேர் இப்படி வந்து அழுதுவிட்டுப் போயிருப்பார்கள். நானும் வாயைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் உள்ளே போனது. இருமல்தான் வந்தது.

வழியில் மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொடுத்தாள். "நெய்வேலிக்கு மாத்தலாகித் தனியாப் போய்க் கெடந்தியே, அந்த வருசம்கூட நீ இப்படி இல்லக்கா" என்றாள். அவள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜூலை 15, திங்கள்

நல்லம்மாள் போய்விட்டார். மெத்தை போய்ச் சேரவே இல்லை.

ஒருவர் முடியட்டும் என்று மற்றவரைக் காக்க வைத்தேன். காக்க வைக்கப்பட்டவர் முந்திக்கொண்டார். இதை எந்த உதாரணத்தில் அடக்குவது என்று தெரியவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

காலையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வராணி கூப்பிடும் நேரம். இனி ஏன் கூப்பிடப்போகிறாள்?

ஜூலை 20, சனி

ஐயம்பெருமாளின் தெருவரை போனேன். அவருக்குப் பிடித்த மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கியிருந்தேன். தெருமுனைப் பிள்ளையார் கோயில் தாண்டக் கால் வரவில்லை. அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. பேச்சியம்மாள் வாசலில் பீடி இலையை நனைத்து உதறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாளா என்று தெரியாது. பழத்தைக் கோயில் படியில் இருந்த யாரிடமோ கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஜூலை 27, சனி

விடிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இப்போதெல்லாம் அது டின்னுக்குள் இல்லை, ஜன்னலில் இருக்கிறது. பேச்சியம்மாள். கோலமாவுக் கையோடு நின்றேன். ஜெசிந்தாவுக்குப் போக வேண்டிய அழைப்பு, பழக்கத்தில் என் எண்ணைத் தேடி வருகிறது. எடுத்தேன்.

"டீச்சர், அவுக போயிட்டாக."

"பேச்சி."

"மாத்திரை இருந்துச்சு டீச்சர். தூக்கத்துலயே போயிட்டாக." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "மச்சினமாரு மெத்தைய வெளிய எறியணும்ங்காக. ஒங்க மெத்தைன்னு சொன்னாக் கேக்க மாட்டக்காக. சுருட்டி வச்சு நான் அதுமேலதான் ஒக்காந்திருக்கேன். அன்னைக்கு மாதிரி வேனக் கூட்டிட்டு வெரசா வாங்க."

குத்திக்காட்டினாளா, வெறுமனே சொன்னாளா என்று குரலில் தெரியவில்லை.

போனேன். முற்றத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நடுவே, சுருட்டிய மெத்தையின் மேல் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் கட்டிப்பிடித்து அழ வரும்போதும் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே அழுதாள். என்னைப் பார்த்ததும்தான் எழுந்தாள். "தொடச்சுதான் வச்சிருக்கேன்" என்றாள்.

நான் மாலை கொண்டுபோகவில்லை. வாங்கக் கை வரவில்லை. வெறுங்கையோடு அவர் காலடியில் நின்றேன். பிறகு நானும் அந்தோணியும் மெத்தையைத் தூக்கி வேனில் வைத்தோம். வேன் கதவருகே வந்து பேச்சியம்மாள் சொன்னாள். "அடுத்த ஆளுக்குக் குடுக்கும்போது பாத்துக் குடுங்க டீச்சர். இடது பக்கம் இறங்குதுன்னு ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாக."

ஆகஸ்ட் 2, வெள்ளி

மெத்தை என் வீட்டில்தான் இருக்கிறது. சுரண்டையில் ஒருவருக்கு வேண்டுமாம். அனுப்புவதற்கு முன் காற்றடித்துச் சரிபார்க்க வேண்டும். "கையால அமுக்கிப் பாத்தாப் போதும் டீச்சர். எப்பவும் அப்படித்தான" என்று ஜெசிந்தா போனில் சொன்னாள். எப்போதும் அப்படித்தான் செய்திருக்கிறோம்.

மத்தியானம் கூடத்தில் விரித்துப் பம்பை மாட்டினேன். குழாய் குழாயாகக் காற்று ஏறி மெத்தை எழும்பியது. கையால் அமுக்கிப் பார்த்தேன். விறைப்பாகத்தான் இருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு மேலே படுத்தேன். இறந்தவர் படுத்த மெத்தையில் படுக்கிறாயே என்று சிவகாமி பார்த்தால் கூப்பாடு போட்டிருப்பாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. முதுகுக்கு அடியில் காற்று மெல்ல ஏறி இறங்கியது, யாரோ பக்கத்தில் படுத்து மூச்சு விடுவதுபோல. அழுகை வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. வெளியே சாரல் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. அசையாமல் கிடந்தேன், அவர் கிடந்ததுபோல.

வெகுநேரம் கழித்து உடம்பு இடதுபக்கமாகச் சரிவதை உணர்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான். கையால் அமுக்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. இடுப்பெலும்பு தரையில் முட்டியது. நன்றாக வலித்தது. புரண்டுகொள்ள என்னால் முடியும். புரளவில்லை.

தலையை மட்டும் திருப்பிப் பம்பைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.